கேலிப்படத்தின் அடியை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜமைக்காவின் மோரன்ட் பே படுகொலை (1865) பற்றிய கட்டுரைக்கு 'ஜமைக்காவில் இராணுவச் சட்டம்' என்ற வண்ணக் கேலிப்படத்தைப் போட்டு, "நேரில் கண்டு கொதித்த ஓவியரின் சாட்சியம்" என்று எழுதிவிட்டீர்கள். வரைந்த ஏப்ரகாம் ஜேம்ஸ், 1798 முதல் 1801 வரை அங்கிருந்த பிரிட்டிஷ் 67ஆம் காலாட்படைப் பிரிவு அதிகாரி. ஜமைக்காவின் பிரிட்டிஷ் ஆளுநர் எட்வர்ட் ஐர் 1865இல் இராணுவச் சட்டம் கொண்டுவந்து 439 பேரைக் கொன்றதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வரைந்துவிட்டார் போலும். தீர்க்கதரிசிதான்!

அவர் கேலி செய்தது, சீருடை மாட்டிக்கொண்டு கர்னல், மேஜர் என்று மிடுக்குக் காட்டிய தோட்ட முதலாளிகளின் உள்ளூர்ப் படையை. அது ஒரு பட்டாளத்து அதிகாரியின் நக்கல். அடிமை முறை ஒழிப்புப் பிரசாரம் அல்ல.

தேதி தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனின் 1735 சட்டப்படி, படத்தின் உரிமையாளர் பெயரையும் முதல் வெளியீட்டு நாளையும் அச்சடிக்கும் செப்புத் தகட்டிலேயே பொறிக்க வேண்டியிருந்தது. அந்த வரி பெரும்பாலும் படத்தின் அடியில்தான் இருக்கும். தாங்கள் அழகு கருதி வெட்டியதும் அடியைத்தான். வரி இருந்தாலும் அது தகட்டின் நாளே தவிர, தாளின் நாள் அல்ல. பழைய தகட்டில் பின்னாளில் மறுபடி அச்சடித்தாலும் தேதி மாறாது. தாளை வெளிச்சத்தில் பிடித்து, தாள் செய்யும்போதே பதியும் நீர்க்குறியில் ஆண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது பொறித்த தேதிக்குப் பிந்தியதென்றால் மறுபதிப்பு. தேய்ந்த தகடானால் மெல்லிய கோடுகள் முதலில் மறையும்.

முன்பொரு இதழில் சீருடை மேலங்கியின் நிறத்தை வைத்துப் படைப்பிரிவையே கண்டுபிடித்தீர்கள். அப்போது சும்மா இருந்தது என் மரியாதை. தகட்டில் வண்ணம் கிடையாது; அது கூலிக்கு அமர்த்தியவர்கள் நீர்வண்ணத்தில் பிரதி பிரதியாகத் தீட்டியது. ஒரு பிரதியில் சிவப்பு, இன்னொன்றில் பழுப்பு. வாள் இடக்கையில் இருந்தாலும் புதிர் வேண்டாம். தகட்டில் நேராக வரைந்தது தாளில் இடம் வலமாகப் புரளும்.

1865 படந்தான் வேண்டுமென்றால் அன்றைய வாரப் பத்திரிகைகளின் மரச்செதுக்குப் படங்களைத் தேடியிருக்கலாம். அவற்றை அச்செழுத்தோடு சேர்த்தே அடித்தார்கள். செப்புத் தகட்டின் அழுத்த விளிம்பு தாளில் இருக்காது. பார்த்த மாத்திரத்தில் தெரியும். பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்தி, வெட்டாத முழுப் படத்தைக் கால் பக்கத்தில் போட்டாலே போதும். விளம்பரத்துக்கு இடைஞ்சல் இல்லாத பக்கமாகவே பார்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்