பழைய யு.பி.எஸ்.ஸை எடைக்குப் போடாதே

காவேரிப்பட்டணம்

அன்புள்ள முருகேசனுக்கு,

நலம், நலமறிய அவா. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இனி உன் மேசை மேல் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. இங்கே மாங்காய்க் காலம். கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றிப்போகும் டிராக்டர்கள் சாலையோரம் வரிசைகட்டி நிற்கின்றன. விலையைப் பற்றி மட்டும் யாரிடமும் கேட்க முடியவில்லை, நேரில் பேசுவோம். 2004-இல் மாவட்டத்தைப் பிரித்து உன்னைத் தர்மபுரிக்காரனாகவும் என்னைக் கிருஷ்ணகிரிக்காரனாகவும் ஆக்கினார்கள், ஆனாலும் மின்தடை மட்டும் இரண்டு ஊருக்கும் பொதுவாகவே இருக்கிறது.

ஓசூரில் ஏலத்தில் எடுத்த யு.பி.எஸ்.ஸை, அதாவது மின்சாரம் போனதும் கம்ப்யூட்டர் அணையாமல் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் பெட்டியை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். பேட்டரி செத்துவிட்டது, எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறானாம் உன் மகன். வேண்டாம். நீ எழுதிய விவரப்படி அது என்னிடம் இருக்கும் அதே ஏ.பி.சி. கம்பெனியின் ஸ்மார்ட்-யு.பி.எஸ். 700. உள்ளே கனத்த டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, பேட்டரியில் ஓடும்போதும் வீட்டு மின்சாரம் போலவே சீராக வளைந்து ஏறி இறங்கும் சைன் அலையைத் தருகிறது. இன்று மலிவாகக் கிடைக்கும் சின்னப் பெட்டிகள் பலவும் படிப்படியாக வெட்டிய அலையைத்தான் தருகின்றன; கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சில புதிய பவர் சப்ளைகள் அதை ஏற்காமல் அணைந்துபோகும். ஆகவே காயலான் கடைக்காரருக்கு இருக்கும் மகிழ்ச்சியை நீ கெடுப்பதில் தவறே இல்லை.

அதில் இருப்பவை 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டு, தொடராக இணைத்தவை. ஒன்றை மட்டும் மாற்றிச் சிக்கனம் பிடிக்காதே. பழையது புதியதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். கடையில் வாங்கும்போது மேலே அச்சிட்ட தயாரிப்புத் தேதியைப் பார். ஈயப் பேட்டரி விற்காமல் அலமாரியில் இருந்தாலும் தேய்ந்துகொண்டுதான் இருக்கும். பழையவற்றை அதே கடையில் கொடுத்துவிடு, விலையில் கழித்துக்கொள்வார்கள். உடைத்து ஈயம் எடுக்கும் ஆட்களிடம் போகக் கூடாது.

கழற்றும்போது பொறுமை வேண்டும். என்னுடையதில் பேட்டரிகளின் பக்கங்கள் உப்பி, தகரக் கூட்டில் நெருக்கி மாட்டிக்கொண்டிருந்தன. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. முதலில் சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முன்மூடியைத் திறந்து, பேட்டரி ஒயரின் இணைப்பைக் கழற்றி, பிறகு அசைத்து அசைத்து வெளியே எடுத்தேன். குத்திக் கிளப்ப ஸ்க்ரூடிரைவரை மட்டும் உள்ளே விடாதே. புதியதை மாட்டும் நொடியில் ‘பட்’டென்று சிறு பொறி பறக்கும். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர் நிரம்புவதால் வருவது அது. பயந்து கையை உதறி ஒயரைச் சிவப்புக்குக் கறுப்பாக மாற்றி வைத்துவிடாதே, அவ்வளவுதான்.

பின்பக்கத்தில் நம் மூன்று முள் பிளக் நுழையாது. கம்ப்யூட்டரின் பின்புறம் இருப்பது போன்ற துளைகள்தான் இருக்கும். ஒருபுறம் ஆண், மறுபுறம் பெண் முனையுள்ள மானிட்டர் கேபிள் இரண்டு வாங்கிக்கொள்: ஒன்று கம்ப்யூட்டருக்கு, ஒன்று திரைக்கு. லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதே. அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தில் 450 வாட் தாங்கும் பெட்டி அலறிவிடும்.

அடுத்தது சீரியல் கேபிள். கம்ப்யூட்டரோடு பேச அதில் ஒன்பது முள் துளை இருக்கிறதே, வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு கேபிளை அதில் செருகிவிடாதே. அதன் முள்ளமைப்பு தனி. சாதாரணக் கேபிளை மாட்டினால் பெட்டி அணைந்துபோகும், கூடவே கம்ப்யூட்டரும். 940-0024சி என்று அச்சிட்ட கேபிளாக இருக்க வேண்டும். உன் கம்ப்யூட்டரில் சீரியல் துளை இல்லாவிட்டால் யு.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் சின்ன ஒயர் கிடைக்கும். என்னிடம் அப்படித்தான் ஓடுகிறது. லினக்ஸில் ஏ.பி.சி.யு.பி.எஸ்.டி. என்னும் இலவச மென்பொருளைப் போட்டேன். பேட்டரி 5 விழுக்காட்டுக்கு இறங்கினாலும், 3 நிமிடம்தான் மீதி என்றாலும் அதுவே கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைத்துவிடும். நான் அந்த எண்களைக் கொஞ்சம் ஏற்றி வைத்திருக்கிறேன், பழைய பெட்டியின் கணக்கை முழுதாக நம்ப வேண்டாம் என்று.

இன்வெர்ட்டர்தான் இருக்கிறதே என்று உன் வீட்டில் கேட்பார்கள். சாதாரண முறையில் வைத்த இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணத்தில் ஃபேனுக்கு ஒன்றும் தெரியாது, கம்ப்யூட்டர் போய்விடும். யு.பி.எஸ். அந்தக் கணத்தைத் தாண்டிவிடப் போதும். இரண்டு மணி நேரம் ஓடும் என்று எதிர்பார்த்து வாங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

சாயங்காலம் எங்கள் தெருவில் மின்னழுத்தம் இறங்கும். 208 வோல்ட்டுக்குக் கீழே வந்ததும் பெட்டி பேட்டரிக்குத் தாவிக்கொண்டே இருந்தது. அந்த வரம்பை மென்பொருள் வழியாக 196-க்கு இறக்கி வைத்ததும் ஓயாத பீப் ஒலி நின்றது. எங்கள் வீட்டம்மா அன்றுதான் இந்தப் பெட்டியைப் பற்றி முதல் நல்ல வார்த்தை சொன்னார்.

முதல் சோதனைக்குக் கம்ப்யூட்டரைப் பணயம் வைக்காதே. பேட்டரியை இரவு முழுக்கச் சார்ஜ் ஏற விட்டு, ஒரு குண்டு பல்பை மாட்டிப் பார். மின்தடை உண்டாக்கப் பிளக்கைப் பிடுங்காமல் சுவர் சுவிட்சை அணை, எர்த் அறுபடாமல் இருக்கும். பெட்டியைப் பரணிலோ தகரக் கூரைக்கு அடியிலோ வைக்காதே. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இந்த வகைப் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். நம் ஊர்ச் சித்திரை வெயில் உனக்குத் தெரியாததா?

அந்தச் சீரியல் கேபிள் என்னிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மகனையும் அழைத்துக்கொண்டு வா. கேபிளும் கொண்டுபோகலாம், ஒரு கூடை செந்தூரா மாம்பழமும் கொண்டுபோகலாம். வருமுன் பேட்டரியின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு வா, இங்கேயே கடைவீதியில் வாங்கிவிடுவோம்.

அன்புடன்,
சின்னசாமி