கால்வாயை விளம்பரத்தில் மட்டும் வைத்திருக்கும் கடற்போர் விளையாட்டு குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
(ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்)
தூத்துக்குடி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தங்கள் நிறுவனத்தின் கடற்போர்ப் பலகை விளையாட்டில் விளம்பரப்படுத்தப்பட்ட கால்வாய் விதிகள் இல்லாமை, ஆட்டத்துக்கான வில்லைகள் (காய்கள்) குறைவாக இருத்தல், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: நான் அனுப்பிய இரு மின்னஞ்சல்களும் அவற்றுக்குத் தங்கள் பிரிவு அளித்த ஒரே பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த மே மாதம் என் பேரனின் பிறந்தநாளுக்காகத் தங்கள் நிறுவனத்தின் கடற்போர் விளையாட்டை ரூ. 4,850 செலுத்தி வாங்கினேன். இரண்டு பெருங்கடல்கள், அவற்றைப் பிரிக்கும் ஒரு நிலச்சந்தி, அதைக் குடைந்து செல்லும் ஒரே ஒரு கால்வாய், அந்தக் கால்வாய்க்காக மோதும் இரண்டு பேரரசுகள் என்று ஒரு கற்பனை உலகத்தை அதில் படைத்திருக்கிறீர்கள். கால்வாயை ஆள்பவரே கடலை ஆள்வார் என்ற பொருளில் பெட்டியின் பின்பக்கம் முழுவதும் விளம்பரம் அச்சிடப்பட்டிருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களின் இன்ஜின் அறையில் வேலை பார்த்து, சூயஸையும் பனாமாவையும் பலமுறை கடந்தவன் என்பதால், இப்படி ஒரு விளையாட்டு பேரனைவிட எனக்குத்தான் கூடுதலாகப் பிடிக்கும் என்று எண்ணியே அதை வாங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பத்து ஆட்டங்கள் ஆடிய பிறகு இதை எழுதுகிறேன். விதிப் புத்தகத்தில் கால்வாயைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: எந்தக் கப்பலும் ஒரு சுற்றில் கால்வாயைக் கடக்கலாம். தென்முனையைச் சுற்றிச் செல்லப் பதினொரு சுற்றுகள் ஆகும் உலகத்தில், இந்த ஒரு வாக்கியம் இரண்டு கடல்களையும் ஒரே குளமாக்கிவிடுகிறது. எந்தக் கடலில் எத்தனை கப்பல்களை நிறுத்துவது, எதிரி மறுபக்கம் தோன்றினால் எவ்வளவு நாளில் போய்ச் சேர முடியும், அதுவரை அங்கிருக்கும் சிறுபடை தாக்குப்பிடிக்குமா என்பவைதான் இரு கடல் நாட்டின் கடற்படைத் தளபதிக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விகள். தங்கள் விளையாட்டில் இந்தக் கேள்விகள் எழுவதே இல்லை. 1898இல் ஸ்பெயினுடன் போர் மூளவிருந்த நிலையில், சான் பிரான்சிஸ்கோவில் இருந்த ‘ஓரிகன்’ என்ற போர்க்கப்பலை அமெரிக்கா அட்லாண்டிக் பக்கம் அழைத்தபோது, அது தென் அமெரிக்கா முழுவதையும் சுற்றிக்கொண்டு ஃபுளோரிடாவை அடைய 66 நாட்கள் பிடித்தன. பனாமாவில் கால்வாய் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அமெரிக்க மக்களிடையே வலுச் சேர்த்தவற்றில் அந்தப் பயணமும் ஒன்று. அந்த 66 நாட்களின் பதைப்பைத்தான் தங்கள் பெட்டி எனக்கு விற்றது; உள்ளே அது இல்லை.

இனி, எனக்கு மிகுந்த வருத்தத்தை அளித்த குறைக்கு வருகிறேன். வரைபடத்தில் கால்வாயின் லாக், அதாவது கப்பலை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி, 34 மீட்டர் அகலம் என்று தாங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். மிகப் பெரிய போர்க்கப்பலின் அட்டையில் அதன் அகலம் 38 மீட்டர் என்றும் தாங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். ஆயினும் அந்தக் கப்பல் கால்வாயைக் கடந்துவிடுகிறது. நான் முதன்முதலில் பனாமாவைக் கடந்த கப்பல் 32.2 மீட்டர் அகலம் உடையது. பழைய லாக்கின் அகலம் 33.5 மீட்டர். இருபுறமும் ஏறத்தாழ ஒன்றரை முழ இடைவெளிதான். கரையில் தண்டவாளத்தின் மீது ஓடும் மின் இன்ஜின்கள் கம்பிவடத்தால் கப்பலை நடுவில் பிடித்துக்கொண்டு வர, எங்கள் கேப்டன் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். ஏனெனில் அந்தக் கால்வாயில் கப்பலைச் செலுத்தும் பொறுப்பு முழுவதும் அங்கு ஏறும் பைலட்டை, அதாவது கால்வாயின் வழிகாட்டி மாலுமியை, சேரும். இந்த 33.5 மீட்டர் என்ற எண் எத்தனையோ கப்பல்களின் உருவத்தைத் தீர்மானித்திருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்கப் போர்க்கப்பல்களான ‘அயோவா’ வகையைச் சேர்ந்தவை சுமார் 33 மீட்டர் அகலத்துடன், பக்கத்துக்கு ஒரு சாண் இடைவெளி மட்டும் இருக்கும்படி கட்டப்பட்டன. அவற்றைவிட அகலமான ‘மொன்டானா’ வகையைத் திட்டமிட்டபோது, பழைய லாக்குகளில் அவை நுழையாது என்பதை அறிந்தே திட்டமிட வேண்டியிருந்தது. ஜெர்மனியின் கதையோ நேர்மாறானது. 1906இல் பிரிட்டன் ‘டிரெட்நாட்’ என்ற பெரும் போர்க்கப்பலைக் கடலில் இறக்க, அதற்கு ஈடான கப்பல்களைக் கட்டப் புறப்பட்ட ஜெர்மனி, வட கடலையும் பால்டிக் கடலையும் இணைக்க 1895இல்தான் திறந்துவைத்த கீல் கால்வாயை 1907 முதல் மறுபடியும் தோண்டி அகலப்படுத்த வேண்டியதாயிற்று. அந்த வேலை முடிந்தது 1914 ஜூனில். சில வாரங்களில் போர் தொடங்கியது. பெரிய கப்பலைக் கட்டுவதா, கால்வாய்க்குள் அடங்கும் கப்பலைக் கட்டுவதா, அல்லது பொக்கிஷத்தைக் கொட்டிக் கால்வாயையே அகலப்படுத்துவதா என்ற இந்த முடிவைவிடச் சுவையான ஆட்டம் வேறு என்ன இருக்க முடியும்? தேவையான இரண்டு எண்களையும் அச்சிட்டுவிட்டு, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடும் விதியை எழுத மறந்திருக்கிறீர்கள்.

மூன்றாவது ஆட்டத்தில் தோற்கும் நிலைக்கு வந்த என் பேரன், தன் பழைய கப்பல் இரண்டைக் கால்வாயின் நடுவில் தானே மூழ்கடித்து வழியை அடைக்கப் போவதாகச் சொன்னான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது தானாகத் தோன்றியது. விதிப் புத்தகத்தைப் புரட்டினோம். மூழ்கிய கப்பல் பலகையிலிருந்து எடுக்கப்படும் என்று இருந்தது. 1956இல் எகிப்து பல கப்பல்களை மூழ்கடித்துச் சூயஸை அடைத்தபோது அவற்றை யாரும் பலகையிலிருந்து எடுத்துவிடவில்லை. அடுத்த ஆண்டுதான் வழி திறந்தது. அடைப்பது எப்போதும் பலிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. 1918 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஸீப்ரூகேயில் கால்வாய் வாயில் பிரிட்டிஷ் கடற்படை பழைய கப்பல்களை மூழ்கடித்த சில நாட்களிலேயே, ஜெர்மானியர் அவற்றின் ஓரமாக வழி வெட்டி நீர்மூழ்கிகளை வெளியே அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடைக்கு விட்டிருக்கலாமே. தங்கள் பெட்டியில் ஆறு பகடைகள் இருக்கின்றன.

கால்வாய்க்கு உரிமையுள்ள சிறிய குடியரசுக்குக் கொடி, சின்னம், நான்கு பக்க வரலாறு எல்லாம் கொடுத்திருக்கிறீர்கள். ஆட்டத்தில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. 1888ஆம் ஆண்டின் கான்ஸ்டாண்டிநோபிள் உடன்படிக்கை, போரிலும் அமைதியிலும் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் சூயஸ் திறந்திருக்கும் என்றது. ஆனால் வழி திறந்திருந்தால் மட்டும் போதாது. 1898இல் அமெரிக்காவுடன் நடந்த அதே போரில் பிலிப்பைன்ஸுக்குப் புறப்பட்ட ஸ்பானிய கப்பற்படைக்கு, பிரிட்டனின் பிடியில் இருந்த, சூயஸின் வட முனைத் துறைமுகமான போர்ட் சையதில் நிலக்கரி மறுக்கப்பட்டது; கால்வாயைக் கடந்த அந்தப் படை, கியூபாவில் ஏற்பட்ட தோல்விக்குப் பிறகு பாதி வழியிலேயே திரும்ப அழைக்கப்பட்டது. கதவைச் சாத்தாமலேயே ஒரு படையைத் தவிக்க விடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தக் குடியரசுக்கு நிலக்கரி மறுக்கும் உரிமையையாவது தந்திருக்கலாம்.

வறட்சி அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தங்கள் ஓவியர் கால்வாயை ஒரு மலையேரியின் மீது ஏறி இறங்குவதாக மிக அழகாக வரைந்திருக்கிறார். அப்படிப்பட்ட கால்வாய் மழைநீரை நம்பியே இருக்கும். பனாமாவில் ஒரு கப்பல் கடக்க ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. 2023இன் வறட்சியில் அன்றாடம் கடக்கும் கப்பல்களின் எண்ணிக்கையையே அங்கு குறைத்தார்கள். தங்கள் வறட்சி அட்டை கோதுமை விளைச்சலை மட்டும் பாதிக்கிறது.

இவை அனைத்தையும் சுருக்கமாக எழுதி மின்னஞ்சல் அனுப்பினேன். பெட்டியில் பன்னிரண்டு லாக் வில்லைகள் என்று குறிப்பிட்டிருக்க, உள்ளே நான்கு மட்டுமே இருந்ததையும் தெரிவித்தேன். மூன்று வாரம் கழித்து வந்த பதிலில், இது கற்பனை உலகம் ஆகையால் நிஜ உலக விதிகள் பொருந்தா என்றும், விரிவான கால்வாய் விதிகளும் மீதி எட்டு வில்லைகளும் ரூ. 1,900 விலையில் வரவிருக்கும் கூடுதல் தொகுப்பில் இடம்பெறும் என்றும் தங்கள் அலுவலர் எழுதியிருந்தார்.

முதல் காரணத்தை என்னால் ஏற்க இயலவில்லை. கற்பனை உலகத்தில் கடல் ஊதா நிறத்தில் இருக்கலாம், இரண்டு நிலவுகள் எழலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 34 மீட்டர் என்று அந்த உலகமே சொல்லும் வாயிலில் 38 மீட்டர் நுழைவது அந்த உலகத்தின் சொல்லையே பொய்யாக்குகிறது. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் பெரிய கப்பல் இன்றும் இலங்கையைச் சுற்றித்தான் போகிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் கடல் இருந்தும் பெரிய கப்பலுக்குப் போதிய ஆழம் இல்லை. இடம் போதாத வழியில் கப்பல் நுழையாது என்பதை எங்கள் ஊரில் யாரும் பாடம் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. இரண்டாவது காரணமோ புகாரை இன்னும் வலுவாக்குகிறது. கால்வாயைக் காட்டி விற்ற பெட்டியில் கால்வாயை வைக்காமல், அதைத் தனி விலைக்கு விற்கப் போவதாகத் தாங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே, குறைவான எட்டு வில்லைகளையும், கப்பலின் அகலம், கால்வாய் அடைப்பு, குடியரசின் உரிமை ஆகியவற்றுக்கான விதிகளையும் இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் கட்டணமின்றி அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதெனில் ரூ. 4,850ஐ முழுமையாகத் திருப்பித் தந்து, பெட்டியைத் தங்கள் செலவில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். இரண்டும் நடக்காவிட்டால், தவறான விளம்பரம் என்ற அடிப்படையில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.

விலைப்பட்டியலின் நகல், பெட்டியின் பின்பக்கப் புகைப்படம், 34 மீட்டரும் 38 மீட்டரும் அருகருகே தெரியும் புகைப்படம், தங்கள் பதிலின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். மூழ்கிய கப்பலுக்கு என் பேரன் நோட்டுத்தாளில் எழுதிய விதி ஒன்றும் உடன் இருக்கிறது. கடந்த ஒரு மாதமாக நாங்கள் அதை வைத்துத்தான் ஆடிவருகிறோம்; தங்கள் விதி எழுதுபவர் விரும்பினால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், அதற்குத் தனி விலை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்,
தூத்துக்குடி.