சனிக்கிழமைக் கூலி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மண்ணையும் மனிதரையும் கெடுக்காத ஆடைத் தொழில் பற்றி உங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இயற்கைப் பருத்தி, மூலிகைச் சாயம், தேங்காய் ஓட்டுப் பட்டன் எல்லாம் விரிவாக இருந்தது. நியாயமான கூலி வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. சரி, அந்தக் கூலி என்றைக்குக் கையில் வர வேண்டும்? அதைப் பற்றி ஒன்றும் காணோம். குடியாத்தத்தில் ஒன்பது வருடமாகத் தையல் கூடம் நடத்துகிறேன். அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

எங்கள் ஊர் லுங்கிக்குப் பேர் போனது. கைத்தறிக்கு என்று 1985ஆம் வருடச் சட்டம் ஒதுக்கிய ரகங்களில் லுங்கியும் ஒன்று. ஆனாலும் விசைத்தறி லுங்கி கடை கடையாய்த் தொங்குகிறது, அது வேறு கதை. நான் இங்கே குழித்தறியில் நெய்கிற கட்டம் போட்ட துணியை வாங்கி, சட்டையும் குர்தியும் தைத்து விற்கிறேன். வெட்டுத்துண்டுகள் தோள்பையாகும், அதிலும் மிச்சம் விழுவது மெக்கானிக் ஷெட்டுக்குப் போகும். பதினொரு பெண்கள் வேலை செய்கிறார்கள். பத்துப் பேர் வந்துவிட்டால் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு கட்டியாக வேண்டும்: சம்பளத்தில் என் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75. “ஒன்பது பேரோட நிறுத்திக்கோம்மா, எதுக்குத் தலைவலி?” என்று புத்தி சொன்னவர்கள் நிறைய. போன வருடம் எங்கள் கூடத்தில் காஜா எடுக்கிற அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது அந்த அட்டைதான் கை கொடுத்தது.

சாயமும் கழிவும் தண்ணீரைக் கெடுப்பதைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, தோல் கழிவால் எங்கள் பாலாற்றங்கரை கெட்டதில் பிறந்ததுதான். (சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்வார்கள். சாமி 1981இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். தண்ணீர் 2021 நவம்பரில் கரை புரண்டு வந்து பயமுறுத்திவிட்டுப் போனது.) ஆறு கெட்ட அந்த ரோஷத்தில் நானும் மூலிகைச் சாயத்தில் இறங்கினேன். ஜவ்வாது மலைக் கடுக்காய், படிகாரம், நாற்பது சட்டைக்கான துணி. ஊறப் போட்ட அண்டா பழைய இரும்பு அண்டா. மறுநாள் காலையில் பார்த்தால், மஞ்சளாக வர வேண்டிய துணி திட்டுத்திட்டாய்க் கருத்துக் கிடந்தது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு. கடுக்காயை வைத்துத் தோல் பதனிட்ட சீமையில் பிறந்துவிட்டு இது தெரியாமல் போனதே என்று என் மாமியார் ஒரு வாரம் சிரித்தார். ஒட்டாத சாயம் போக அலசிய தண்ணீரோ, காசு கொடுத்து வாங்கிய லாரித் தண்ணீர். அதற்கப்புறம், மத்திய அரசு தடை செய்த சாயங்களில் எதுவும் கலக்கவில்லை என்று சாயப்பட்டறைக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, சாயம் போட்ட நூலையே நெசவாளருக்கு வாங்கிக் கொடுக்கிறேன்.

இதெல்லாம் சமாளிக்கக் கூடிய விஷயங்கள். என்னை ஆட்டி வைப்பது சனிக்கிழமைதான்.

இரண்டு வருடத்துக்கு முன் சென்னையில் ஒரு பெரிய கடை இருநூறு சட்டை கேட்டது. ‘பொறுப்பான ஆடை’ என்று அட்டை மாட்டி விற்கிற கடை. சட்டைக்குப் பதினைந்து ரூபாய் குறைத்தார்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் படம் எடுக்க ஒரு தம்பியை அனுப்பினார்கள். எனக்கு நெய்து தருகிற பெரியவரை நாங்கள் எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தவர், படம் என்றதும் தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “துடைக்காதீங்க ஐயா, கஞ்சியோடவே இருக்கட்டும்” என்றான் அந்தத் தம்பி. நைனா மறுபடி போய்க் கஞ்சியில் கையை முக்கிக்கொண்டு வந்து நின்றார். அந்தக் கை இன்றைக்கும் அந்தக் கடையின் அட்டையில் இருக்கிறது.

பணம் வர நூற்று முப்பது நாள் ஆயிற்று. அதுவும் நடுவில் தீபாவளி. நைனாவுக்குத் துணிப் பாக்கி, பதினொரு பேருக்குக் கூலி, போனஸ். மூன்று சனிக்கிழமை நான் வெறுங்கையோடு தையல் கூடத்துக்குப் போனேன். யாரும் சத்தம் போடவில்லை. ஓவர்லாக் போடுகிற பெண் மட்டும், “அக்கா, சீட்டுக் கட்டணும், ஐந்நூறு இருந்தாக்கூடப் போதும்” என்றாள். நாலாவது வாரம் வளையலை அடகு வைத்துக் கொடுத்தேன். அதற்குள் அவர்களில் நாலு பேர் வட்டிக்கு வாங்கியிருந்தார்கள். என் தையல் கூடத்துக்குப் பொறுப்பான இடம் என்று பெயர்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் வருடச் சிறு தொழில் சட்டப்படி சரக்கை வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வழக்குப் போட்டு வட்டி வாங்கிவிடலாம், அடுத்த ஆர்டர் யாரிடம் வாங்குவது? கெடுவுக்குள் கொடுக்காவிட்டால் வாங்கியவர் அதை அந்த வருடக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியிலும் பிறகு பிடியை இறுக்கினார்கள். உடனே எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி போன் பண்ணி, “உங்க உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டீங்கன்னா நமக்குள்ள பிரச்சினையே இல்லம்மா” என்றார். சிறு தொழில் என்று அரசிடம் செய்கிற பதிவுதான் உத்யம். கேட்ட குரலில் அத்தனை பாசம்.

இப்போது பாதிப் பணம் முன்பணமாக வராமல் துணியை வெட்டுவதில்லை. ஆர்டர் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இரண்டு மிஷின் உறை போட்டு மூடிக் கிடக்கிறது. அதில் எனக்கு வருத்தம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குக் கூலி எண்ணி முடிந்துவிடுகிறது.

உங்கள் நிருபர் அடுத்த முறை இப்படி ஒரு நிறுவனத்தைப் பற்றி எழுதப் போகும்போது, பருத்திச் சான்றிதழோடு கூலி நோட்டையும் காட்டச் சொல்லட்டும். தேதி போட்டுக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள் அல்லவா, அந்த நோட்டு. என்னுடையதையும் கேட்கலாம். அந்தத் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் அதில் காலியாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்