மூன்று பொருள் விற்றீர்கள், இரண்டுக்குத்தான் காகிதம் தந்தீர்கள்

அனுப்புநர்:
படகு வாங்கிய வாடிக்கையாளர்,
கான்ரோ ஏரி அருகில், டெக்சஸ்.

பெறுநர்:
பொது மேலாளர்,
படகு விற்பனை நிறுவனம்,
ஹூஸ்டன் வடபுறக் கிளை.

நாள்: 22 ஜூலை 2024

பொருள்: 13 ஏப்ரல் 2024 அன்று வாங்கிய படகு டிரெய்லருக்கு இன்றுவரை உரிமைச் சான்றும் நம்பர் பிளேட்டும் கிடைக்காதது குறித்து.

ஐயா / அம்மையீர்,

இன்றோடு நூறு நாள் ஆகிறது. ஏப்ரல் 13, சனிக்கிழமை மாலை, உங்கள் கிளையில் 19 அடிப் படகு ஒன்றையும், அதன் பின்புறம் மாட்டும் 115 குதிரைத்திறன் அவுட்போர்டு என்ஜினையும், இரண்டையும் சுமக்கும் டிரெய்லரையும் முழுப் பணம் கட்டி வாங்கினேன். மறுநாள் சித்திரை முதல் நாள். புது வருடத்தன்று படகை ஏரியில் இறக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை, இறக்கினோம். அதற்குப் பிறகு படகு தண்ணீரில் இருந்த நேரத்தைவிட நான் இதற்காக அலைந்த நேரமே அதிகம்.

படகைப் பற்றியும் என்ஜினைப் பற்றியும் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. டெக்சஸில் அவை இரண்டுக்கும் தனித்தனி உரிமைச் சான்று உண்டு. மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறை தருகிறது. படகுக்கு 143ஆம் படிவம், என்ஜினுக்கு 144ஆம் படிவம். இரண்டையும் உங்கள் அலுவலகம் ஒழுங்காக அனுப்பியது, சான்றுகள் தபாலில் வந்து சேர்ந்தன, டி.எக்ஸ். என்று தொடங்கும் எண்ணைப் படகின் முன்பகுதியான அணியத்தின் இருபுறமும் ஒட்டிவிட்டேன். டிரெய்லர் அந்தத் துறையின் கணக்கில் வராது. அது சாலையில் ஓடுவது. ஆகவே மோட்டார் வாகனத் துறையின் 130-யு படிவத்தோடு கவுண்டி, அதாவது மாவட்ட, வரி அலுவலகத்துக்குப் போக வேண்டியது. இந்த வேறுபாடு படகு விற்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் உங்கள் ஆட்கள் டிரெய்லரைப் படகு வந்திறங்கிய அட்டைப்பெட்டி போலத்தான் நடத்துகிறார்கள்.

விற்பனைச் சீட்டில் ‘டைட்டில், பதிவுச் சேவை’ என்று, அதாவது உரிமைச் சான்றுக்கும் பதிவுக்குமாக, 150 டாலர் போட்டிருக்கிறீர்கள். உரிமம் பெற்ற விற்பனையாளர் வாகனத்தை விற்றால், வாங்குபவர் பெயரில் அவரே 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது இந்த மாநிலத்தின் நடைமுறை. அதற்காகத்தான் அந்த 150 டாலர் என்று நம்பினேன். மே 9ஆம் தேதி உங்கள் அலுவலகத்திலிருந்து அழைத்து, “காகிதமெல்லாம் தயார், நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், பத்து நிமிட வேலை” என்று ஓர் உறையைக் கையில் கொடுத்தார்கள். 13ஆம் தேதி அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கவுண்டி அலுவலகத்துக்குப் போனேன்.

வேலை பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜன்னலில் இருந்த அம்மையார் படிவத்தைப் பார்த்த உடனேயே பேனாவால் ஒரு கட்டத்தைத் தட்டி, “இது டிரெய்லருடைய எண் அல்ல, படகுடையது” என்றார். டிரெய்லரின் வி.ஐ.என்., அதாவது வாகன அடையாள எண், 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. உங்கள் படிவத்தில் இருந்தவை 12. படகின் பின்பகுதியான அமரத்தில் வலப்பக்கம் பதித்திருக்கும் எச்.ஐ.என். எண்ணை, அதாவது படகு உடலின் எண்ணை, அப்படியே டிரெய்லர் கட்டத்தில் எழுதிவைத்திருந்தார்கள். கட்டத்தில் ஐந்து இடம் காலியாக இருப்பதுகூட எழுதியவர் கண்ணில் படவில்லை. அந்த அம்மையார் மட்டும் கனிவாகப் பேசியிராவிட்டால் அன்றே இந்தக் கடிதத்தை எழுதியிருப்பேன்.

இரண்டாவது உறை மே 28ஆம் தேதி வந்தது. இந்த முறை 17 இடமும் நிறைந்திருந்தன. நானும் பாடம் கற்றிருந்தேன். கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலில் மண்டியிட்டு, டிரெய்லரின் முன்நீட்டத்தில் இருக்கும் தகட்டில் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தேன். நீங்கள் கொடுத்த தயாரிப்பாளர் மூலச் சான்றோடு ஒப்பிட்டால் கடைசி மூன்று இலக்கங்கள் வேறு. இது கைத்தவறு என்று சொல்ல முடியாது. அந்தச் சான்று தொழிற்சாலையில் அச்சானது. அதே மாதிரியில் செய்யப்பட்ட வேறொரு டிரெய்லருக்கு உரியது.

மூலச் சான்று வாகனத்தின் பிறப்புச் சான்று போன்றது என்பது உங்களுக்குத் தெரியும். தயாரிப்பாளர் அதை உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறார். நீங்கள் அதன் பின்பக்கத்தில் கையெழுத்திட்டு என் பெயருக்கு மாற்றுகிறீர்கள். அதை வைத்துத்தான் மாநிலம் முதல் உரிமைச் சான்றைத் தருகிறது. என் பெயருக்கு நீங்கள் கையெழுத்திட்டிருப்பது யாருடைய டிரெய்லரை? என் டிரெய்லரின் மூலச் சான்று இப்போது யார் கையில் இருக்கிறது? அவர் என்னைப்போல் தகட்டைத் தேய்த்துப் பார்க்காதவராக இருந்து, அதைக் கொடுத்துப் பதிவும் செய்திருந்தால், காகிதப்படி நான் வைத்திருப்பது அவருடைய சொத்து. இந்தக் கேள்வியை மூன்று முறை தொலைபேசியில் கேட்டுவிட்டேன். “பார்த்துச் சொல்கிறோம்” என்ற பதில்தான் மூன்று முறையும்.

ஜூன் 5ஆம் தேதி கிடைத்த பதில் அதையும் விஞ்சியது. “உங்கள் டிரெய்லர் வெறும் 1,050 பவுண்டுதான், 4,000 பவுண்டுக்கு உட்பட்டால் டைட்டிலே தேவையில்லை, கவலைப்படாதீர்கள்” என்றார் உங்கள் விற்பனையாளர். 4,000 என்ற எண் சரி. ஆனால் அது காலி டிரெய்லரின் எடை அல்ல. டிரெய்லரும் அது சுமக்கும் பாரமும் சேர்ந்த மொத்த எடை. உங்கள் விவரத்தாளையே வைத்துக் கூட்டிப் பார்த்தேன். டிரெய்லர் 1,050, படகு 2,650, என்ஜின் 370. தொட்டியில் 30 காலன் பெட்ரோல் ஊற்றினால், காலனுக்கு ஆறு பவுண்டு என்று வைத்தாலும், இன்னொரு 180. ஆக 4,250 பவுண்டு. பேட்டரி, நங்கூரம், குளிர்பெட்டி எதையும் நான் இன்னும் ஏற்றவில்லை. தகட்டில் தயாரிப்பாளரே 4,800 பவுண்டு வரை என்று அச்சிட்டிருக்கிறார். அப்படியே 4,000க்குள் அடங்கினாலும் தேவைப்படாமல் போவது உரிமைச் சான்றுதான், பதிவு அல்ல. சரியான காகிதம் இல்லாமல் அதையும் செய்ய முடியாது.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். வாங்கும் அன்று இதே விற்பனையாளர்தான், “4,500 பவுண்டைத் தாண்டினால் டெக்சஸில் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம், இதில் இருக்கிறது பாருங்கள்” என்று பெருமையாகக் காட்டி, அதற்கென்று விலையும் வாங்கினார். காசு வாங்கும்போது கனமாக இருந்த டிரெய்லர், காகிதம் கேட்டதும் இலேசாகிவிட்டது.

இதற்கிடையில் நீங்கள் கொடுத்த தற்காலிகக் காகிதப் பிளேட்டின் 60 நாள், ஜூன் 12ஆம் தேதியோடு முடிந்தது. அது இருந்த நாளிலும் பெரிய பயன் இல்லை. படகை இறக்கும்போது டிரெய்லரின் பின்பகுதி தண்ணீருக்குள் போகும். அங்கேதான் அந்தக் காகிதத்தை மாட்டியிருந்தோம். இரண்டாவது முறை ஏரியிலிருந்து ஏறி வந்தபோது அதில் தேதியைப் படிக்க முடியவில்லை. ஜூன் 12க்குப் பிறகு டிரெய்லரைச் சாலைக்குக் கொண்டுவர எனக்கு வழி இல்லாததால், ஏரியோரக் கிடங்கில் மாதம் 165 டாலர் கொடுத்து நிறுத்தினேன். ஜூலை 4 விடுமுறையும் அப்படியே போயிற்று.

ஜூலை 8ஆம் தேதி பெரில் புயல் வந்தது. ஹூஸ்டன் சுற்றுவட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் அறுந்த அந்த வாரத்தை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. உங்கள் கடையும் இருளில்தான் இருந்திருக்கும். முந்தின நாளே கிடங்கில் பக்கத்து இடத்துக்காரர்கள் தங்கள் படகுகளை இழுத்துக்கொண்டு வடக்கே போனார்கள். பிளேட் இல்லாத டிரெய்லரோடு நெடுஞ்சாலையில் ஏறும் துணிச்சல் எனக்கு இல்லை. ஒரு மரக்கிளை விழுந்து படகின் மேல் விதானம் கிழிந்தது, அவ்வளவுதான். புயலுக்கு உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். படகை நகர்த்த முடியாமல் போனதற்குச் சொல்வேன்.

பணக் கணக்கு ஒன்றும் பாக்கி இருக்கிறது. சீட்டில் படகு, என்ஜின், டிரெய்லர் மூன்றுக்கும் ஒரே தொகை, அதன்மேல் மொத்தமாக 6.25 விழுக்காடு வரி. விகிதம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், ஆனால் போய்ச் சேரும் இடம் வேறு. படகுக்கும் என்ஜினுக்குமான வரியைப் பூங்காத் துறையில் கட்டிய ரசீது என்னிடம் இருக்கிறது. டிரெய்லருக்கான வரி, மோட்டார் வாகன விற்பனை வரியாகக் கவுண்டி அலுவலகத்தில் கட்டப்பட வேண்டும். அங்கே விண்ணப்பமே ஏற்கப்படவில்லை. அப்படியென்றால் என்னிடம் வாங்கிய அந்தப் பணம் ஏப்ரலிலிருந்து எங்கே இருக்கிறது?

எனவே ஆகஸ்ட் 5, திங்கட்கிழமைக்குள் என் டிரெய்லரின் தகட்டு எண்ணோடு பொருந்தும் மூலச் சான்றைப் பெற்று, தொலைந்திருந்தால் தயாரிப்பாளரிடம் மறுபிரதி வாங்கி, என் பெயருக்கு மாற்றி, கவுண்டி அலுவலகத்தில் நீங்களே கொண்டுபோய் விண்ணப்பியுங்கள். டிரெய்லரின் விலையையும் வரியையும் தனியாகக் காட்டித் திருத்திய சீட்டைத் தாருங்கள். செய்யாத சேவைக்கு வாங்கிய 150 டாலரையும், ஜூன், ஜூலை இரு மாதக் கிடங்கு வாடகை 330 டாலரையும் திருப்புங்கள். தாமதத்துக்கான அபராதம் ஏதும் விதிக்கப்பட்டால் அது உங்களுடையது. விதானத்தை நானே தைத்துக்கொள்கிறேன்.

அந்தத் தேதி தாண்டினால், விற்பனையாளர் உரிமங்களைக் கவனிக்கும் மாநில மோட்டார் வாகனத் துறைக்கு இதே கடிதம் இதே இணைப்புகளோடு போகும். தவறான மூலச் சான்றின் அசல் என்னிடம்தான் இருக்கிறது. அதற்குரிய டிரெய்லர் யாரிடம் இருக்கிறதோ அவரும் இந்நேரம் உங்களை அழைத்துக்கொண்டிருக்கக்கூடும். அவர் எண்ணைத் தந்தால் நாங்கள் இருவரும் நேரிலேயே பேசிக்கொள்ளத் தயார்.

இப்படிக்கு,
டிரெய்லருக்குச் சொந்தக்காரர் என்று இன்னும் நிரூபிக்க முடியாத வாடிக்கையாளர்

இணைப்பு: விற்பனைச் சீட்டு, திருப்பி அனுப்பப்பட்ட 130-யு படிவம், மூலச் சான்றின் நகல், தகட்டின் பென்சில் படி, கிடங்கு வாடகை ரசீதுகள்.