முடியாத காடியை முடித்துக் கொடுத்தவர்களுக்கு

சுங்கை சிப்புட் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் கோயில் திடலில் நடந்த கூட்டத்தில், "தனி ஆளாக நின்று பழைய காலத்துக் காடியைக் கட்டி முடித்த நம்மூர்ப் பிள்ளை" என்று மைக்கில் சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் வைத்து மறுத்துப் பேச வாய் வரவில்லை. ஆனால் அந்தத் "தனி ஆள்" என்ற சொல்லை அப்படியே விட்டுவிட முடியாது. நான் செய்த வேலையைக் கழித்தாலும் அந்தக் காடி, அதாவது கார், ஏறக்குறைய ஓடும். நீங்கள் செய்ததைக் கழித்தால் விரிசல் விட்ட ஃபைபர் கூடும் நசுங்கிய மாஸ்டாவும்தான் மிஞ்சும். அதனால் யார் எதைச் செய்தார்கள் என்று எழுதி வைத்துவிடுகிறேன். பெயர் போடாதே என்று பாதிப் பேர் சொல்லிவிட்டதால் யாருக்குமே பெயர் போடவில்லை. ஊரில் எல்லாருக்கும் ஆளைத் தெரியும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அது எம்ஜி டிடி. இங்கிலாந்தின் அபிங்டனில் 1950 முதல் 1953 வரை செய்த காடி. நிமிர்ந்து நிற்கும் கிரில், தனியாக வளைந்து வரும் மட்கார்டு, முதுகில் ஸ்பேர் டயர். உள்ளே முழுக்க ஜப்பான் சரக்கு. பின்னால் அடி வாங்கி இனி ரோட்டுக்கு ஆகாது என்று எழுதித் தள்ளிய முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றின் இஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், பிரேக், வயரிங் எல்லாம் இதற்குள் வந்துவிட்டன. அசல் டிடிக்கு 1250 சிசி இஞ்சின், 54 குதிரைத் திறன், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். நம்முடையதில் 1600 சிசி, திறன் இரண்டு மடங்குக்கும் மேல், நாலு சக்கரத்திலும் டிஸ்க்.

நம் நாட்டுக்கு இது புதுசும் இல்லை. டிடி 2000 என்ற பெயரில் இதே உருவத்தை டொயோட்டா இஞ்சின் வைத்து மலேசியாவிலேயே கட்டி விற்றிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் தொடங்கிய புஃபோரியும் பிறகு இங்கே குடிவந்து, பழைய தோற்றத்துக் காடிகளைக் கையால் கட்டுகிறது. அவர்களுக்கெல்லாம் தொழிற்சாலை இருந்தது. நமக்கு இருந்தது செம்பனைக் குலை லோரிகள் பழுதுபார்க்கும் பட்டறையின் பின்கொட்டகை.

எனவே முதல் நன்றி அந்தக் கொட்டகையின் சொந்தக்காரர் அண்ணனுக்கு. வாடகை பேசப் போன அன்று, "மழை பேஞ்சா லோரிய உள்ள விடுவேன், அப்ப உன் பொம்மைய ஓரமா தள்ளிக்கோ" என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம். மழைக்காலத்தில் பலமுறை தள்ளினோம். சக்கரம் இல்லாத நாட்களில் தள்ளுவது எப்படி என்று உங்களுக்கே தெரியும், நீங்களும்தான் கை கொடுத்தீர்கள்.

பாகங்களை வாங்கி நாமே கட்டிக்கொள்ளும் கிட்டை ஈப்போவில் ஒருவரிடம் வாங்கினேன். அவர் அதை வேறொருவரிடம் வாங்கியிருந்தார், அந்த முதல் ஆளும் கட்டவில்லை. கிட் காடி வாங்குகிறவர்களில் நிறையப் பேர் பெட்டியைப் பிரிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். கூரை இல்லாத இடத்தில் வருஷக்கணக்கில் கிடந்ததால் பாடி முழுக்க விரிசல். புட்டி வைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் போதும் என்று பலரும் சொன்னார்கள். பந்தாய் ரெமிஸிலிருந்து வந்த தம்பி மட்டும் முடியாது என்றான். மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் போடுவது அவன் தொழில். விரிசலை உள்பக்கத்திலிருந்து அரைத்துப் பள்ளமாக்கி, மேட் எனும் கண்ணாடி இழை விரிப்பை அடுக்கி, ரெசின் ஊற்றி எழுப்ப வேண்டும்; வெளியே பூசினால் அடுத்த குலுக்கலில் திரும்ப வாய் பிளக்கும் என்றான். ரெசினில் அதை இறுக வைக்கும் ஹார்டனர் வழக்கமாக 1 முதல் 2 சதவீதம்தான். நம் வெயிலில் அதிலும் குறைந்த அளவுதான் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரஷை முக்குவதற்குள் டப்பாவிலேயே இறுகிப்போகும். சரி, விடியற்காலையில் செய்யலாமே என்றால் ஈரக்காற்று ஆகாது. அதனால் பசியாறி முடித்து, பனி விலகி, வெயில் ஏறுவதற்கு முன்னால் கிடைக்கும் கொஞ்ச நேரம்தான் அவன் வேலை நேரம். மீதி நேரம் உட்கார்ந்து தேய்ப்பது என் வேலை. தம்பி, உன் அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டுக்கும் சேர்த்து நன்றி.

வெல்டிங் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். எம்எக்ஸ்-5-க்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். ஆனால் முன்னும் பின்னும் சப்ஃபிரேம் எனும் இரண்டு துணைச் சட்டங்கள் இருக்கின்றன. நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது மேலும் கீழும் இரண்டு கைகள் பிடிக்கும் அமைப்பு, அவற்றிலேயே உட்கார்ந்திருக்கும். கிட் கட்டுகிறவர்கள் இந்தக் காடியைத் தேடிப் போவது அதற்காகத்தான். சாதாரணக் காடிகளில் முன்சக்கரத்துக்கு மேலே உயரமாக நிற்கும் ஸ்ட்ரட் இதில் இல்லை, பழைய காடியின் ஒடுங்கிய பானெட்டுக்கு வெளியே எதுவும் தலை நீட்டாது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. டிடியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 94 அங்குலம், அதாவது 2388 மில்லிமீட்டர். எம்எக்ஸ்-5-க்கு 2265. இடையில் 123 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஐந்து அங்குலம். அதை விட்டுக்கொடுத்தால் கதவு சின்னதாகி, முகம் நீண்டு, காடியின் அழகே போய்விடும். அதனால் இரண்டு சப்ஃபிரேம்களையும் அந்த இடைவெளியில் இணைக்கப் புதுச் சட்டம் கட்ட வேண்டியிருந்தது.

கோயில் கேட், பள்ளிக்கூட வேலி, தண்ணீர்த் தொட்டித் தாங்கி என்று செய்துகொண்டிருந்த மனிதர் அவர். காடிச் சட்டத்தை அதற்கு முன் தொட்டதில்லை. வரைபடத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கேட்டு கோணினா பூட்டு விழாது, இது கோணினா ஆளு விழுவான்" என்றார். எல்லா மூட்டையும் முதலில் புள்ளி வைத்து நிறுத்தினார். பிறகு ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஓட்டினார், சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளாமல் இருக்க. ஒவ்வொரு முறையும் மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்த பையன்கள் பிடித்துப் பிடித்தே சலித்துவிட்டார்கள், அவர்களுக்கும் நன்றி.

இடைவெளி நீண்டால் அதோடு நிற்காது. எம்எக்ஸ்-5-இல் கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டம் இணைத்துப் பிடித்திருக்கும். அதன் நீளம் இதற்கு ஆகாததால் கழற்றி எறிந்தோம். கியர்பாக்ஸின் வாலுக்கும் டிஃபரன்ஷியலின் மூக்குக்கும் புதிதாகத் தாங்கி செய்ய வேண்டி வந்தது. அவை இரண்டுக்கும் நடுவே சுழலும் புரோப்பல்லர் ஷாஃப்டையும் நீட்ட வேண்டும். இதற்குக் கோலாலம்பூர்தான் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். கொட்டகை அண்ணனின் மெக்கானிக் சிரித்தார். லோரிக்கு ஷாஃப்ட் வெட்டி ஒட்டுவது அவர்களுக்கு வழக்கமான வேலை. இரண்டு முனையிலும் மூட்டைப் பிடிக்கும் கவைகளான நுகங்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், கொஞ்சம் திரும்பியிருந்தாலும் வேகம் எடுக்கும்போது உதறும் என்று சொல்லிக்கொண்டே சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டி, குழாய் சேர்த்து, பேலன்ஸ் பார்க்க ஈப்போவுக்கு அவரே எடுத்துப் போனார். காசு கொடுத்தபோது வாங்கிக்கொண்டார், ஆனால் லோரிக்கு வாங்குகிற விலையைவிடக் குறைவு. ஏன் என்று கேட்டேன். "லோரிதானே சம்பாதிக்குது, இது என்னா சம்பாதிக்கப் போகுது?" நியாயம்தான்.

ரேடியேட்டர் அங்கிளுக்கு என் நன்றியைச் சொல்லத் தமிழே போதும், அவர் என்னைத் திட்டியதும் தமிழில்தான். பெரிய ரோட்டுப் பக்கம் அவர் கடை இன்னமும் அதே இடத்தில் இருக்கிறது. இப்போது வரும் ரேடியேட்டர்களில் அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் தொட்டியும் இருப்பதால் ஈயம் வைத்துப் பற்றவைக்க அவருக்கு வேலை குறைந்துவிட்டது. உடைந்தால் புதுசு, அவ்வளவுதான். எம்எக்ஸ்-5 ரேடியேட்டர் அகலமானது, டிடியின் கிரில்லோ ஒடுங்கி உயர்ந்தது. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றை மறைக்கவே முடியாது. அங்கிள் பழைய செம்புக் கோர் ஒன்றைத் தேடியெடுத்து, பித்தளைத் தகட்டில் மேல்தொட்டியும் கீழ்த்தொட்டியும் வளைத்து, உயரமாக, ஒல்லியாக ஒன்றைப் பற்றவைத்துத் தந்தார். அகலத்தில் இழந்ததைக் கனத்தில் ஈடுகட்ட வேண்டும், காற்று வராத இடத்தில் மின்விசிறி சும்மா சுற்றும் என்றார். மதிய வெயிலில் இஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முள் நடுவில் ஏறி நின்றது, பிறகு அசையவில்லை. இந்தக் காடியில் எனக்குப் பிடித்த பாகம் எது என்று கேட்டால் அந்தப் பித்தளைத் தொட்டிதான். வெளியே தெரியாது, பானெட்டைத் திறந்தால்தான் தெரியும்.

வயரிங்: உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் படிக்கும் தங்கச்சி. மாஸ்டாவின் வயர்க்கட்டைக் கொட்டகைத் தரையில் விரித்துப் போட்டு, மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, டேப்பில் எழுதி ஒட்டி, தேவையில்லாததை நீக்கினாள். ஏர்பேக், பவர் விண்டோ, ரேடியோ எல்லாம் போனபிறகு கட்டு பாதியாக மெலிந்தது. முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆனது அவள் புண்ணியம். ஸ்பிரிங்குகள் எடை குறைந்த காடிக்கு விறைப்பாக இருந்ததால், ஈப்போ பையன்கள் மென்மையான ஜோடி ஒன்று கொடுத்தார்கள். சீட்டு தைத்தவர் மோட்டார் சைக்கிள் சீட்டுக் கடைக்காரர். பெயிண்ட் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது என் மனைவி, அதில் விவாதத்துக்கு இடம் இல்லை.

கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அசல் டிடிக்கு மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்த உடம்பு. கதவின் கீல் பின்னால் இருக்கும், முன்விளிம்பு திறக்கும். ஓடும்போது தாழ் நழுவினால் காற்று பிடித்துக் கதவை விரித்துவிடும் என்பதால், கீலை முன்னால் மாற்றிவிடலாம் என்று நானும் வெல்டிங் அண்ணனும் முடிவு செய்திருந்தோம். தச்சர் மாமா ஞாத்தோ மரத்தில் சட்டமும் செய்துவிட்டார். அப்போதுதான் லிந்தாங் சடக்கு (ரோட்டு) வீட்டுப் பாட்டி பார்க்க வந்தார். அவர் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய காலத்தில் இப்படி ஒரு பழைய காடி தோட்டத்து ஆபீஸ் வாசலில் நிற்குமாம். சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கதவு திருப்பிப் போட்டிருக்கீங்கப்பா" என்றார். படத்தைக் காட்டுவதற்கு முன்பே சொன்னார்.

ஒரு விஷயம் யோசிக்க வேண்டியிருந்தது. 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று துரைமார் சுடப்பட்டு, அதையொட்டி மலாயாவில் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதிரான அவசரகாலம் வந்த ஊர் இது. அந்த வருஷங்களில் துரைமார் காடிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டு போவார்கள். திறந்த காடியில் தோட்டத்துக்குள் எவன் போயிருப்பான்? பாட்டியிடமே கேட்டேன். "அதெல்லாம் அடங்கினதுக்கு அப்புறம்தான், கையிமாறிக் கையிமாறி வந்த காடி" என்றார். சரியாகப் பொருந்துகிறது. மாமா முணுமுணுக்காமல் சட்டத்தைப் பிரித்துக் கீலைப் பின்னால் வைத்தார். பாதுகாப்புக்கு மாஸ்டாவின் சொந்தக் கதவுத் தாழையே போட்டோம். இரண்டு படியாகப் பூட்டும் தாழ் அது, ஒன்று நழுவினாலும் அடுத்தது பிடிக்கும்.

எம்ஜி சின்னத்தை வாங்கி ஒட்டச் சொல்லிப் பையன்கள் இன்னமும் நச்சரிக்கிறார்கள். ஒட்டமாட்டேன். எம்ஜி செய்யாத காடிக்கு எம்ஜி பெயர் எதற்கு?

ரோட்டில் எப்போது ஓட்டுவாய் என்று கேட்பவர்களுக்கும் பதில் இங்கேயே. சாலைப் போக்குவரத்து இலாகாவில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயா, நான் இரும்பு வாங்குவதற்கு முன்பே உட்கார வைத்து விளக்கினார். 1959-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனக் கட்டுமான விதிகள் முதல் இன்றைய அனுமதி முறை வரை சொன்னார். மாஸ்டாவின் சேசிஸ் எண்ணை வெட்டி இதில் ஒட்டிவிடு என்று யோசனை சொன்ன ஆட்களும் உண்டு. அது குற்றம், ஐயா அதை அன்றைக்கே தெளிவாக்கிவிட்டார். அதனால் இந்தக் காடிக்கு நம்பர் பட்டை இல்லை, ரோட் டேக்ஸ் இல்லை, பொது ரோட்டுக்கு அது வராது. தோட்ட மேனேஜர் அனுமதித்த செம்மண் சடக்கில், அவர் சொன்ன நேரத்தில் மட்டும் ஓடும். அவருக்கும், பாடியைத் தூக்கிச் சட்டத்தில் இறக்கிய அன்று வேலை முடிந்து நேராக வந்து தோள் கொடுத்த வங்காளதேசத் தம்பிகளுக்கும் நன்றி.

அம்மாவுக்கு இங்கே நன்றி சொன்னால் திட்டுவார். கொட்டகைக்கு வந்த சோற்றுக் கேரியர்களை மட்டும் குறிப்பிட்டுவிட்டு நகர்கிறேன்.

கடைசியாக, கடன் வாங்கிய சாமான் விஷயம். இஞ்சின் தூக்கும் கப்பி, அதைக் கடன் கொடுத்த ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. டார்க் ரெஞ்ச், பெரிய ஜாக், ரிவிட் துப்பாக்கி மூன்றும் துடைத்து எண்ணெய் போட்டுத் தயாராக இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே வீட்டுக்கு வீடு கொண்டுவருகிறேன். பச்சைப் பிடி போட்ட 14 நம்பர் ஸ்பேனர் ஒன்றும் என்னிடம் இருக்கிறது, அது யாருடையது என்று தெரியவில்லை. மூன்று பேர் தங்களுடையது என்கிறார்கள். மூவரும் சேர்ந்து வந்து பேசித் தீர்த்துக்கொண்டு எடுத்துப் போங்கள்.

நன்றியுடன்,
பின்கொட்டகைக்காரன்