கிராம சபைக்கு வரட்டும் பல்கலைக்கழகம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வட ஆற்காடு பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த காலத்தில், தொலைந்துபோன மதிப்பெண் பட்டியலுக்கு நகல் வாங்குவதற்காக, விடியற்காலையில் காட்பாடியில் ரயிலேறிச் சேப்பாக்கம் வரை போய் வந்தவன் நான். 2002-இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு, முதலில் வேலூர்க் கோட்டைக்குள்ளும் பிறகு சேர்க்காட்டிலும் இயங்கத் தொடங்கியபோது, எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது எத்தனை பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

எங்கள் தெருவில் ஒரு பெண் முதுகலை படிக்கிறாள். மாலையில் வீடு திரும்பியதும் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, முறத்தில் இருக்கும் தூளை எடுத்துப் பீடி சுற்றிக்கொண்டே, மறுநாள் வகுப்பில் பேச வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய் வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருப்பார். விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்க வசதியில்லாத வீட்டில் இது நடக்கிறதென்றால், பல்கலைக்கழகம் பேருந்து போய்வரும் தூரத்தில் இருப்பதே அதற்குக் காரணம்.

ஆனால் பிள்ளைகள் அங்கே போய்ப் படித்துவிட்டு வருவதோடு உறவு முடிந்துவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமுக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மாணவர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். அவர்கள் உண்மையான ஆர்வத்தோடு ஏரிக்கரையில் நட்ட கன்றுகள், முகாம் முடிந்தபின் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அந்தச் சித்திரை வெயிலிலேயே கருகிப்போயின. பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. ஏழு நாளில் ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள யாராலும் முடியாது.

ஒரே இடத்தில் ஊன்றி நிற்பதற்கு முன்மாதிரி தேடி நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1977-இல் கே.வி.குப்பம் ஒன்றியத்தில் தொடங்கிய ஊரக மையம் இன்றும் அங்கேயே இருக்கிறது. மருத்துவத்தோடு தொழிற்பயிற்சியையும் மகளிர் குழுக்களையும் சேர்த்து நடத்தியதால், அதை ஊரார் தங்கள் வீட்டு மையமாகவே நினைக்கிறார்கள்.

அதுபோல, பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு துறையும் அருகிலுள்ள ஓர் ஊரை ஐந்து ஆண்டுகளுக்காவது விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் வேலை தண்ணீராக இருக்கட்டும். பாலாற்றங்கரை ஊர்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பிடித்து வைத்தால் குடத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறது, பருப்பு வேகப் பாதிப் பகல் ஆகிறது. அந்த நீரில் என்ன கலந்திருக்கிறது, தோல் தொழிற்சாலைக் கழிவு எதுவரை பரவியிருக்கிறது என்று கேட்டால் ஊரில் பதில் சொல்ல ஆளில்லை. வேதியியல் துறை மாணவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கிணறுகளிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தால் அவர்களுக்கும் அது பாடமாகும், எங்களுக்கும் விவரம் தெரியும். வேலைத் தேர்வுக்குப் படிக்கும் உள்ளூர் இளைஞர்களுக்கு நூலக அட்டை கொடுப்பதும் பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் நடக்கும் கிராம சபைக்கு ஒரு பேராசிரியரும் இரண்டு மாணவர்களும் வந்து, அந்தச் சோதனை முடிவுகளை எளிய தமிழில் வாசிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக ஆட்சிக்குழுவைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்,
காட்பாடி வட்டம், வேலூர் மாவட்டம்.