595ஆம் இடத்திலிருந்து ஒரு காலிறுதி

ஆசிரியருக்கு வணக்கம்.

மகளிர் டென்னிஸ் செய்திகள் பட்டம் வென்றவரின் பெயரோடு முடிந்துவிடுவதால், சீனாவின் ஜாங் ஷுவாய் போன்றோரின் நெடும்பயணம் வாசகர் கண்ணில் படுவதே இல்லை. கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளின் ஒற்றையரில் தொடர்ந்து 14 முறை முதல் சுற்றிலேயே தோற்று, ஓய்வு பெறும் எண்ணத்துடன் 2016 ஆஸ்திரேலிய ஓபனுக்குத் தகுதிச்சுற்று வழியாக வந்த அவர், தரவரிசையில் 133ஆம் இடத்தில் இருந்துகொண்டு, பெற்றோர் பார்த்திருக்க, 2ஆம் நிலை வீராங்கனை சிமோனா ஹாலெப்பை நேர் செட்களில் வீழ்த்திக் காலிறுதி வரை சென்றார்.

பின்னர் 22ஆம் இடம் வரை உயர்ந்தவர், ஒற்றையரில் அடுத்தடுத்து 24 ஆட்டங்களை இழந்து, 2024 சீன ஓபனில் 595ஆம் இடத்துக்காரராக, 35 வயதில் களமிறங்கினார். அங்கே அமெரிக்காவின் முன்னணி வீராங்கனை எம்மா நவாரோ உள்ளிட்ட நால்வரை வென்று மீண்டும் காலிறுதியை எட்டினார். கடந்த 52 வாரப் புள்ளிகளை மட்டுமே கூட்டும் தரவரிசை, ஆட்டக்காரரின் திறனை முழுதாகச் சொல்லிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? (ஆஸ்திரேலியாவின் சமந்தா ஸ்டோசருடன் 2019, 2021 ஆண்டுகளில் அவர் வென்ற இரு கிராண்ட் ஸ்லாம் இரட்டையர் பட்டங்களை எத்தனை பேர் அறிவர்?)

முதல் நூறு இடங்களுக்கு வெளியே போராடுவோரைப் பற்றியும் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அவ்வப்போது கட்டுரைகள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்